தண்ணீர் மாற்றிய பாட்டில்

1. பஸ் ஷட்டர்

பஸ் ஜன்னல் ஷட்டரை இறக்கும்போது விரல் ஒடிந்துவிட்டது என்று ஒரு பெண் வந்தார். மழைக்காக இறக்கினாராம். ஷட்டர் விரல்மேல் விழவில்லை. பிடித்து இழுத்ததோடு சரி. அதற்கே வலது கை மோதிர விரல் கோணிக்கொண்டு தொங்கியது.

எனக்கு ராஜபாளையத்தில் அது முதல் மாதம். எம்.எஸ். ஆர்த்தோ முடித்த சூடு ஆறவில்லை. எலும்பைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாவும் சர்க்கரை நோய் பார்க்கும் பெரியவரும் இருந்தார்கள். இருவருக்கும் என் எலும்பில் அக்கறை இல்லை. சாயங்காலம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து அறைக்குப் போனால் மறுநாள் காலைவரை பேச ஆள் கிடையாது. மெஸ்ஸில் “ரசம்” என்றும் “போதும்” என்றும் சொல்வேன். அன்றைய பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

எக்ஸ்ரே ஃபிலிம் ஈரம் காய்வதற்குள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரலின் அடிக்கணு ஊதியிருந்தது. உள்ளே பெரிய ஓட்டை, வெளிச்சுவர் முட்டை ஓடுபோல மெலிந்து கிடந்தது. உள்ளே ஒரு கட்டி வளர்ந்து எலும்பை அரித்திருக்கிறது. ஷட்டரை இழுத்தது ஒரு சாக்கு. இதை நாங்கள் பத்தலாஜிக்கல் ஃப்ராக்சர் என்போம். புத்தகத்தில் பார்த்தது என் கையில் இருந்தது. யாரிடம் காட்டுவது? எக்ஸ்ரே டெக்னீஷியனிடம் காட்டினேன். “ஒடிஞ்சிருக்கு சார்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வந்தவர் பெயர் பேச்சியம்மாள். ஊர் தேவதானம். ஸ்பின்னிங் மில்லில் வைண்டிங் செக்‌ஷன். அறுந்த நூலை முடிச்சுப் போடும் வேலை. எவ்வளவு நாளாக வீக்கம் என்று கேட்டேன்.

“ரெண்டு வருசமா இப்படித்தான் கெடக்கு. வலி இல்ல. வலிச்சாத்தான சார் டாக்டர்கிட்ட வருவோம்?”

2. வழுக்கை

கை எலும்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானது என்கோண்ட்ரோமா. குருத்தெலும்புக் கட்டி, சாதுவானது. சுரண்டி எடுத்து, இடுப்பிலிருந்து எலும்புத் துணுக்கு எடுத்து வைத்து அடைத்தால் போதும். ஆனால் பேச்சியம்மாளின் ஓட்டை மூட்டுவரை போயிருந்தது. ஒரு பக்கச் சுவரே காணோம். ஷட்டர் உடைத்த சுவரா, கட்டி தின்ற சுவரா என்று படத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கட்டி தின்றதென்றால் அது வேறு சாதி. ஜெயன்ட் செல் ட்யூமராக இருக்கலாம். அபூர்வமாக சார்கோமா என்ற புற்றாகவும் இருக்கலாம். பயாப்ஸிதான் தீர்ப்பு.

பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, முறிவு கூடும்வரை காத்திருந்து ஆபரேஷன் செய்தேன். சுரண்டுவதற்கு அந்த அளவு சின்ன கியூரெட் எங்களிடம் இல்லை. மாடியில் இருந்த பல் டாக்டரிடம் ஸ்கூப் இரவல் வாங்கினேன். எலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி உள்ளே விட்டதும், இளநீர் வழுக்கையை நொறுக்கினது மாதிரி, லேசான நீல மினுமினுப்போடு கட்டி வந்தது. ஜெயன்ட் செல் கட்டிபோலச் சிவந்த பழுப்பாக இல்லை. குருத்தெலும்புதான் என்று கண் சொன்னது. கூட நின்ற நர்ஸ் சிஸ்டரிடம், “பாருங்க, எம்புட்டு அழகு” என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஓட்டையை இடுப்பெலும்புத் துணுக்குகளால் அடைத்தேன். சுரண்டியதை எல்லாம் ஒரு ஊறுகாய் பாட்டிலில், கெட்டுப்போகாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றிப் போட்டு, பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டினோம். பாட்டிலை மதுரை லேபுக்கு நோயாளியின் வீட்டு ஆள்தான் கொண்டுபோவார். அப்போது எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பேச்சியம்மாளின் கணவர் சுப்பையா துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

3. நல்ல தண்ணி

ரிப்போர்ட் வந்தது. திசு அழுகிவிட்டது, கருத்துச் சொல்ல இயலாது என்று இருந்தது. ஃபார்மலினில் போட்டது எப்படி அழுகும்? சுப்பையாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

அவர் போய்ச் சேர்ந்தபோது சனிக்கிழமை மத்தியானம். லேப் பூட்டிவிட்டார்கள். மதுரையிலேயே தங்கை வீட்டில் தங்கியிருக்கிறார்.

“அங்கன வச்சு மூடியத் தொறந்து பாத்தேன் சார். கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டுது. அவ எலும்பு திங்கக்கெழம வரைக்கும் இதுக்குள்ள கெடக்கணுமான்னு மனசு கேக்கல. பைப்புல அலசி நல்ல தண்ணி ஊத்தி வச்சேன். ரெண்டு தடவ மாத்துனேன் சார். கெட்டுறக் கூடாதுல்லா.”

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. மறுபடி எடுத்து அனுப்பலாம் என்றால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. மிச்சம் இல்லாமல் சுரண்டியது நான்தான்.

4. எஸ்.டி.டி. பூத்

மதுரையில் இருந்த என் புரொஃபசருக்கு போன் போட்டேன். லைன் சரியில்லை. கத்திப் பேச வேண்டியிருந்தது. அவர் தெளிவாகச் சொன்னார்.

“நீ கண்ணால பார்த்தது ரிப்போர்ட் ஆகாதுப்பா. சார்கோமாவா இருந்தா அப்புறம் அழுது பிரயோஜனம் இல்லை. விரலை வேரோட எடுத்துட்டு நிம்மதியாத் தூங்கு.”

வெளியே வந்தால் பூத்துக்காரர், “யாருக்கு சார் வெரல எடுக்காக? கேன்சரா?” என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

மறுநாள் பேச்சியம்மாளையும் சுப்பையாவையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புரொஃபசர் சொன்னதையும் மறைக்கவில்லை.  பேச்சியம்மாள்தான் பேசினார்.

“நீங்க உள்ள பாத்தீயல்ல சார். பாக்க எப்படி இருந்துச்சு?”

“கெட்டது மாதிரித் தெரியலம்மா. ஆனா நான் நினைச்சது தப்பாவும் இருக்கலாம்.”

“தப்பா இருந்தா?”

“மறுபடி வளரும். அப்போ விரலோட நிக்காது. கையிலயும் கொஞ்சம் எடுக்க வேண்டிவரும். நுரையீரலுக்கும் போகலாம்.”

 பேச்சியம்மாள் கட்டைவிரலைக் கட்டுப்போட்ட விரல்மேல் வைத்து, இல்லாத நூலை ஒருமுறை முடிச்சுப் போட்டுப் பார்த்தார்.

“இருக்கட்டும் சார். நான் வந்துக்கிட்டே இருக்கேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க.”

5. காலி இடம்

அப்படித்தான் பார்த்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கும் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே. பழைய ஃபிலிம்களை அறைக்கு எடுத்துப்போய் விளக்கில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன். ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் அன்று சோறு இறங்காது. ஃபிலிமில் பட்ட கறை என்று மறுநாள் பகல் வெளிச்சத்தில் தெரியும். சரிதானா என்று கேட்க ஒருவரும் இல்லை. புரொஃபசருக்குப் போன் செய்தால் “இன்னும் எடுக்கலையா?” என்பார். கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

பூத்தில் நான் கத்தியது மில்லுக்குப் போய்விட்டது.

“மத்தியானம் என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்காக சார். தூக்குவாளிய எடுத்துக்கிட்டுத் தள்ளிப் போயிருதாக. இது ஒட்டுமா?”

ஒட்டாது என்றேன். மில்லுக்கு வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். சிரித்தார்.

“டாக்டரே வந்துட்டாகன்னா, நெசமாவே பெருசுதான்னு முடிவு கட்டிருவாக.”

ஒவ்வொரு படத்திலும் ஓட்டை சுருங்கியது. இடுப்பிலிருந்து வைத்த துணுக்குகள் ஒட்டி, கரைந்து, விரல் எலும்போடு ஒன்றாயின. இரண்டாவது வருடக் கடைசியில் எடுத்த படத்தில் எங்கே வெட்டினேன் என்று நானே தேட வேண்டியிருந்தது. இத்தனை நாள் வளராதது இனிமேல் வளர வாய்ப்புக் குறைவு, வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று இழுத்து இழுத்துச் சொன்னேன்.

“இதுக்குச் சரியாப் போச்சுன்னு சொன்னா என்ன சார்?”

“சரியாப் போச்சும்மா.”

அவருக்குச் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் அடுத்த மூன்றாம் மாதம், அவர் வழக்கமாக வரும் செவ்வாய்க்கிழமை, காரணம் புரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஆர்த்தோவுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். படம் பார்க்கவும் சுரண்டவும் கல்லூரியில் சொல்லித்தருவார்கள். பாட்டிலைக் கையில் வாங்குகிறவரிடம் அந்தத் தண்ணீர் எதற்கு என்று சொல்ல யாரும் சொல்லித்தருவதில்லை. சொல்லிவிடுங்கள். அவரையே திருப்பிச் சொல்லவும் வையுங்கள். முடிந்தால் நீங்களே கொண்டுபோங்கள்.

நான் அப்படித்தான் செய்கிறேன். போன மாதம் வன்னியம்பட்டி விவசாயி ஒருவரின் சுண்டுவிரல் கட்டி. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணன்கோவிலில் ஏறிய பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன தம்பி, ஊறுகாயா?” என்றார்.

கேட்டுவிட்டாரே என்ற சந்தோஷத்தில், ஒருத்தருடைய விரல் எலும்பு என்று தொடங்கி என்கோண்ட்ரோமா வரைக்கும் விளக்கினேன். பாதியிலேயே எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டார். பஸ்ஸில் கூட்டம் இருந்தும், மதுரை வரைக்கும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. பேச்சியம்மாள் இரண்டு வருடம் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது இப்படி ஓர் இடத்தின் பக்கத்தில்தான். பாட்டிலை அந்தக் காலி சீட்டில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.