ஆணி ஓட்டை இல்லாத பழைய மரம்

வீட்டிலேயே ரிப்பேர்ப் பட்டறை வைத்திருப்பவனுக்குப் பழுதாகி வரும் சாமானால் தொல்லை இல்லை. பழுது பார்த்து முடித்த பின்னும் வாங்க ஆள் வராத சாமானால்தான் தொல்லை. இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் கட்டிலுக்கு அடியிலும் யாரோ ஒருவருடைய டேபிள் ஃபேன் இருக்கும்.

என் தொல்லையைத் தீர்த்தது ஒரு பரண். அருவங்காட்டில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், கையில் காசில்லாத காலத்தில் போட்டது. அதற்கு மரம் வந்த விதம் பற்றி எனக்கு ஒரு கதை சொல்லப்பட்டது. நானும் அதைப் பலரிடம் அப்படியே சொல்லி வந்தேன். ஆனால் ஒரு தடவைகூட முழுதாக நம்பிச் சொன்னதில்லை. நம்பாததை ஏன் இத்தனை வருடம் கேட்காமல் இருந்தேன்? கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயமாக இருக்கலாம்.

அரிசி டின் மேல் அயர்ன் பாக்ஸ்

தேயிலை ஃபேக்டரியில் பார்த்த எலக்ட்ரீஷியன் வேலை போய், பட்டறை தொடங்கியிருந்த புதிது. மிக்ஸி, ஹீட்டர், ரேடியோ என்று வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டேன். கொட்டகை நிறைந்தது. பிறகு நடை நிறைந்தது. சமையலறையில் அரிசி டின் மேல் யாருடைய அயர்ன் பாக்ஸோ உட்கார்ந்திருந்தது. கடை பிடிக்க வழியில்லை. தொழிலை மூடிவிட்டுத் திருப்பூரில் ஏதாவது மில்லில் சேர்வதுதான் பாக்கி என்று பேசிக்கொண்டிருந்தோம்.

சின்ராசண்ணன் அன்று வீட்டில் இருந்தார். நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டில் லாரி ஓட்டுபவர். குன்னூருக்கு லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது எங்கள் வீட்டில் டீ குடிக்காமல் போகமாட்டார். அவர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் என் மனைவி சரோஜா சொன்னாள்: "ஏனுங்க, ஊரா ஊட்டு மிக்ஸிக்கெல்லாம் எடம் இருக்குது. எனக்குத்தான் நிக்க எடமில்லீங்க. திருப்பூர் பஸ்ஸுக்கு எப்பப் போலாம்னு சொல்லிப்போடுங்க."

லாரியில் வந்த கதை

அடுத்த வாரம் லாரி எங்கள் வீட்டு முன்னால் நின்றது. பின்னால் கற்பூர மரத்தில், அதாவது யூகலிப்டஸில், அறுத்த உத்தரக் கட்டைகள், கூடவே கழித்துப்போட்ட டீப் பெட்டிகள். அப்போதுதான் தேயிலையைக் காகிதப் பையில் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். ஒட்டுப்பலகைப் பெட்டிகளைக் கேட்பாரில்லை. அது எனக்குப் புரிந்தது. கட்டைகளைப் பற்றிக் கேட்டேன். எஸ்டேட்டில் பழைய ஸ்டோரை இடித்ததாகவும், யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னதாகவும் சொன்னார்.

இரண்டு பேரும் சேர்ந்து பரண் போட்டோம். கட்டைகளை வரிசையாகக் குறுக்கே வைத்து, மேலே டீப் பெட்டிப் பலகையைப் பரப்பி அடித்தோம். இரண்டு விஷயம் என்னை உறுத்தியது. எல்லாக் கட்டையும் ஒரே நீளத்தில், என் கொட்டகைக்குச் சரியாக ஒரு சாண் குறைவாக இருந்தது. ஓரத்தில் கல் வைத்துத் திண்டு கட்டித்தான் உட்காரவைத்தோம். இன்னொன்று, இடித்த கட்டடத்து மரத்தில் ஒரு ஆணி ஓட்டைகூட இல்லை. அதைச் சொன்னேன். வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டே சின்ராசண்ணன் சொன்னார்: "இல்லாட்டி நீ போட்டுக்க தம்பி. சுத்தியலு உங்கையிலதான இருக்குது?"

ஹீட்டரில் டீ வாசம்

டீப் பெட்டிப் பலகையைத் துடைத்துத்தான் அடித்தேன். ஆனால் அதன் இடுக்குகளில் இருக்கும் தூள் எத்தனை துடைத்தாலும் போகாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். மேலே ஒரு சாமானை நகர்த்தினால் கீழே இருக்கும் சாமான் மேல் மெல்லிசாக உதிரும்.

டிசம்பர் குளிரில் ஒரு டீச்சரம்மா பரணில் இருந்த தன் ஃபேன் ஹீட்டரை வாங்கிப் போனார். மறுநாளே திரும்பி வந்தார். சூடு வரவில்லையா என்று பதறினேன். "சூடெல்லாம் நல்லா வருதுங்க. சுவிட்சைப் போட்டாப் போதும், எங்க ஊட்டுக்காரரு டம்ளரை எடுத்துட்டு வந்து உக்காந்துக்கறாருங்க."

பரணுக்குச் சளி

சாமான் நிறையக் கொள்ளட்டும் என்று பரணைத் தகரக் கூரைக்கு மிக நெருக்கமாகப் போட்டிருந்தேன். இந்த மலையில் பிறந்தவனுக்கு வரக்கூடாத புத்தி அது. ஜனவரியில் உறைபனி விழும். இரவில் தகரத்தின் உள்பக்கம் ஈரம் பூக்கும். வெயில் பட்டதும் கூரை முழுக்க வியர்த்துச் சொட்டும். மழையில்லாத காலத்தில் என் பட்டறைக்குள் மட்டும் மழை பெய்தது.

கூரைக்கு அடியில் தெர்மோகோல் அட்டை ஒட்டிய பிறகுதான் அது நின்றது. அதற்குள், பேக்கரி நடத்தும் பெள்ளி அண்ணன் தன் மிக்ஸியை வாங்க வந்துவிட்டார். ஜாரைக் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டியது. திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தார். "பாவம், அதுக்கும் குளிருது. ஒரு மப்ளர் வாங்கிக் கட்டி உடப்பா."

திரும்பி வந்தவர்

சிலோனிலிருந்து வந்து எஸ்டேட்டில் குடியேறிய பெரியவர் ஒருவர் ஒரு வால்வ் ரேடியோவைக் கொடுத்துவிட்டுப் போனார். வரவேயில்லை. மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். பழைய இரும்புக்குப் போடச் சொல்லி வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பரண் மூலையில் இடம் இருந்ததால் போடவில்லை. இது நல்ல குணமா, வெறும் சோம்பலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பல வருடம் கழித்து அவர் வந்தார். ரேடியோவைக் கேட்க வரவில்லை. மனைவி இறந்த செய்தியை இங்குள்ள சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வந்தவர், பழக்கத்துக்காக எட்டிப் பார்த்தார். ஏணி போட்டு ஏறி இறக்கிக் கொடுத்தேன். பாட வைத்தும் காட்டினேன். அவர் பாட்டைக் கேட்கவில்லை; குமிழைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் அதைத் திருப்புவாராம். போகும்போது சொன்னார்: "எங்கட சாமானுக்கு இவ்வளவு நாளா ஒரு எடம் வச்சிருந்தீங்களே தம்பி. எங்களுக்கே அப்படி யாரும் வைக்கல்ல."

நடுவட்டத்து வீடு

அந்தப் பரண் இல்லாவிட்டால் பட்டறை இல்லை. மகளைப் படிக்க வைத்ததும், இந்த மலையிலேயே எனக்குத் தலை நரைத்ததும் அதன் தயவுதான். அந்த நன்றியை எஸ்டேட்டுக்குச் சொல்வதா, சின்ராசண்ணனுக்குச் சொல்வதா என்பதுதான் தெரியாமல் இருந்தது. எப்போதும் அவர்தான் எங்கள் வீட்டுக்கு வருவார், நான் போனதில்லை. சென்ற மாதம் வழுக்கி விழுந்து அவர் கால் எலும்பு முறிந்தது. ஆப்பிள் வாங்கிக்கொண்டு நடுவட்டம் போனேன்.

ஒரே அறை, பின்னால் ஒட்டினாற்போல் ஒரு சின்னச் சமையலறை. காலில் கட்டுடன் கட்டிலில் கிடந்தார். கட்டிலைச் சுற்றி அண்டா, குண்டா, டிரங்குப் பெட்டி, விறகு. உட்கார ஒரு மூட்டையை நகர்த்த வேண்டியிருந்தது. நிமிர்ந்தால், எதிரெதிர்ச் சுவர்களில் உயரத்தில் வரிசையாகச் சதுரப் பொந்துகள். சாக்கைத் திணித்து அடைத்திருந்தார்கள். எங்கே போனாலும் கண்ணாலேயே அளந்து பார்ப்பது எங்கள் தொழிலில் வரும் வியாதி. பொந்துகளின் ஆழத்தையும் சேர்த்தால் அறையின் அகலம் என் கொட்டகையைவிட ஒரு சாண் குறைவு.

நான் பார்ப்பதை அவர் மனைவி மணியக்கா கவனித்துவிட்டார். "அதுங்களா? ஊடு கட்டறப்பப் பரணுக்குன்னு கொத்தனாரு உட்ட பொந்துங்க. மரம்கூட அறுத்து வாசல்ல கெடந்துச்சு. ஒருநா நான் அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வந்து பாத்தா ஒண்ணுங்காணோம். மழைத்தண்ணி அடிச்சுட்டுப் போயிருச்சுன்னாரு. இத்தாத்தண்டி மரத்தை அடிச்சுட்டுப் போற மழை, வாசல்ல இருந்த செருப்பை உட்டுப்போட்டுப் போச்சுங்க!"

சின்ராசண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணியக்கா டீ வைக்க உள்ளே போகும்வரை காத்திருந்தேன்.

அடுத்தவர் வீட்டுச் சாமானைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் என் தொழில் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு, அந்தச் சாமான்களில் பரணும் ஒன்று என்பது தெரிய இத்தனை வருடம் பிடித்தது. கட்டில் பக்கம் குனிந்து, சமையலறைக்குக் கேட்காத குரலில் கேட்டேன்:

"அண்ணா, எம்பட்டறையில இருக்கறது யாரு ஊட்டுப் பரணுங்ணா?"