திகதி இல்லாத ஒரு நூலும் தவம் அண்ணையும்

தவம் அண்ணை காலமான செய்தி, ஜேர்மனியின் ஹம் நகரிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில், கைப்பேசியில் ஒரு மரண அறிவித்தலாக எனக்கு வந்தது. படத்தைப் பார்த்ததும் என் கண் நேரே கீழே ஓடி, பிள்ளைகள் யார், எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தேடியது. அந்தப் பழக்கத்தை எனக்குத் தந்தவரே அவர்தான். வெட்கமாகிப்போய் மறுபடி மேலே வந்து முகத்தைப் பார்த்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும். நாங்கள் நாலைந்து பேர் பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி வருகிறோம். எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்று பார்ப்பது அண்ணையின் பொறுப்பு. பதிப்புரிமையைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். "இஞ்சை புதுப்பிக்கிற கதையே இல்லை. எழுதின ஆள் எப்ப செத்தது, அதுதான் கேள்வி" என்பார். ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டுகள் கழிய வேண்டும். இல்லையென்றால் அவரோ, அவர் இல்லாதபோது வாரிசோ, எழுத்தில் அனுமதி தர வேண்டும். வாரிசைத் தேடித்தான் அண்ணை மரண அறிவித்தல்களை வாசித்தார். மகன் கனடா, மருமகள் சுவிஸ் என்று ஒருவரையும் விடாமல் நம்மவர்கள் அதில் போட்டுவிடுவார்கள் அல்லவா?

ஒருமுறை பெயர் மாறாட்டத்தில், உயிரோடு இருந்த ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கே அழைத்துத் துக்கம் விசாரித்துவிட்டார். தொலைபேசியை எடுத்தவரே அந்த ஆசிரியர்தான். "நான் இன்னும் சாகேல்லைத் தம்பி, என்ன வேணும்?" என்று கேட்டு, இரண்டு நூல்களுக்கு அன்றே அனுமதி தந்தார். அண்ணை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்க முடியாத நூலும் ஒன்று இருந்தது. சிறுவர்களுக்கான கணக்குப் புதிர்கள். எழுதிய ஆசிரியர் போரில் காணாமற்போனவர். மனைவி யோகம் அக்கா பிராங்பேர்ட்டில் இருக்கிறார். அண்ணை அனுமதிக் கடிதத்தோடு அவரிடம் போனபோது நானும் கூடப் போனேன். அக்கா கண்ணாடியைப் போட்டு மெல்ல வாசித்தார்.

"இதிலை காலஞ்சென்ற எண்டு கிடக்கு. அதுக்குக் கீழை நான் கையெழுத்து வைக்கிறதோ? ஏலாது தம்பி."

அண்ணை கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

திரும்பும்போது ரயிலில் நான் பொரிந்து தள்ளினேன். எங்களிடம் இருந்தது ஒரே பிரதி, தொட்டால் உதிர்கிற தாள். பேசாமல் ஏற்றிவிடுவோம் என்றேன். "அவர் இருந்தால் அவர் தரவேணும். இல்லையெண்டால் அக்கா தரவேணும். ரெண்டும் இல்லாமல் எடுக்கேலாது தங்கச்சி" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தை மாதமும் அவருடைய குறிப்பேட்டில் 'பிராங்பேர்ட், பேசினேன்' என்று ஒரு வரி இருக்கும். "அந்த மனிசியை ஏனண்ணை கரைச்சல்படுத்திறியள்?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு அடுத்த நூலை எடுத்தார்.

செத்தவீடு முடிந்த மறுநாள் யோகம் அக்கா எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்தக் கடிதத்தைப் பற்றி இனி யாரும் தொந்தரவு செய்யமாட்டோம் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"கடிதத்தைப் பற்றி அவர் அண்டைக்கு ஒருக்காத்தான் கேட்டவர்" என்றார் அக்கா. "பிறகு வருசா வருசம் போன் எடுத்து, ஆசிரியரைப் பற்றி ஏதும் தகவல் வந்ததோ எண்டு மட்டும் கேப்பார். என்ரை பிள்ளையளே அதைக் கேக்கிறதை விட்டிட்டுதுகள்."

நான் அண்ணையிடம் கேட்ட கேள்வியை நினைத்துக் கூசினேன்.

அந்த ஆசிரியர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அக்கா கையெழுத்து வைப்பார் என்றும் நினைக்கவில்லை. நூலின் கடைசிப் பக்கங்கள் ஏற்கனவே பொடியாகிவிட்டன. தவம் அண்ணையின் கோப்புகளை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, அவர் தை மாதத்தில் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும்தான். தை வரும்வரை காத்திருக்க மனம் வரவில்லை. அந்த அழைப்பிலேயே கேட்டேன்.

"அக்கா, ஆசிரியரைப் பற்றி ஏதும் தகவல் வந்ததோ?"

"இல்லைத் தங்கச்சி" என்றார். "இன்னும் வரேல்லை."