அமாவாசைக்கு நிற்காத பெட்டி

தேவிப்ரியாவிடம் டிபன் டப்பா இரவல் வாங்கிவிட்டுத் திருப்பித் தராமல் யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மறுநாள் காலையில் மேசை முன்னால் வந்து நிற்பாள். "அக்கா, டப்பா எங்கீங்க?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள், ஆனால் வாங்காமல் நகர மாட்டாள். ராசிபுரத்தில் தறி ஓட்டும் வீட்டுப் பெண். கஞ்சப்பிசினாறி என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தக் கறார் எங்களை ஒரு நாள் காப்பாற்றும் என்று யார் கண்டது?

அஸ்தம்பட்டியில் எங்கள் கம்பெனி சின்னது. கோழிப்பண்ணைகளுக்கு ஒரு பெட்டி செய்து கொடுக்கிறோம். நாலு பக்கமும் அடைத்த ஷெட்டுக்குள் சூடும் ஈரமும் எவ்வளவு என்று அளந்து, அதுவே விசிறிகளை ஓட்டும். உள்ளே இருப்பது லினக்ஸில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர். ஈரத்தை அளக்கும் சென்சாருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் நடுவே பேசிக் கொடுக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். லாரி டிரைவர் இல்லை என்பதை நாமக்கல் பக்கம் ஒவ்வொரு தடவையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. அதை எழுதியவள் தேவிப்ரியா. நான் போன் எடுப்பவள். பெட்டி நின்றால் முதல் திட்டு எனக்குத்தான்.

இந்த வருஷம் அந்தத் திட்டெல்லாம் நாமகிரிப்பேட்டை செபஸ்தியானிடமிருந்து வந்தது. அவர் பண்ணையில் பெட்டி திடீரென்று உறைந்து நின்றுவிடும். விசிறிகளும் நின்றுவிடும். மூடிய ஷெட்டில் காற்று நின்றால் கோழி எவ்வளவு நேரம் தாங்கும்? முதல் தடவை ஒரு வரிசையே செத்துப்போனது. எங்கள் முதலாளி சரவணக்குமார், "மத்த பண்ணையில எல்லாம் நல்லாத்தான ஓடுது? உங்க ஒயரிங்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டார். பாவம், அந்த மனுஷன் ஷெட் முழுக்க ஒயரைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தார். பெட்டி மறுபடியும் நின்றது.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரி செத்த கோழியப் பாத்துட்டுச் சோறே திங்கலீங்க," என்றார் போனில். "இன்னொருக்கா நின்னுச்சுன்னா கழட்டிக் கொண்டாந்து உங்க வாசல்லயே வெச்சுட்டுப் போயிருவேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஒயர்மேல் பழி போட்டுவிட்டுச் சாப்பிடப் போன சரவணக்குமார்மேல்தான் வந்தது. தேவிப்ரியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒரே பெட்டி, ஒரே நிரல். மத்தவங்களுது ஏனுங்க்கா நிக்கலை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, நிற்காத பெட்டியைப் போய்ப் பார்க்கலாம் என்று கம்பெனி ஆம்னி வேனை எடுக்கச் சொன்னாள். நானும் ஏறிக்கொண்டேன்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் சென்னிமலை என்பவரின் பண்ணை. பெரிய பண்ணை, ஒரு புகாரும் கிடையாது. நாங்கள் போனபோது அமாவாசை பூசை நடந்துகொண்டிருந்தது. லாரிக்கும் தீவன மெஷினுக்கும் பொட்டு வைத்து முடித்து எங்கள் பெட்டிக்கு வந்தார்கள். சென்னிமலை விசிறிகளைக் கைச்சுவிட்சுக்கு மாற்றினார். பெட்டியை நிறுத்தினார். துணியால் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு மறுபடியும் போட்டார்.

தேவிப்ரியா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. "எப்பவுமே நிறுத்திட்டுத்தான் பூசை போடுவீங்களா?"

"பின்ன? ஓடற மிசினுக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா அம்மிணி? அமாவாசைக்கு அமாவாசை அதுக்கும் ஓய்வு வேணுமுல்ல."

வண்டியில் ஏறியதும் அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பயமே வந்துவிட்டது. அப்புறம்தான் விளக்கினாள். டிரைவர் ஒவ்வொரு முறை அளவெடுக்கும்போதும் மெமரியில் கொஞ்சம் இடம் இரவல் வாங்குகிறது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து, ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடினால் பெட்டி உறைந்துவிடும். நிறுத்திப் போட்டால் எல்லா இடமும் திரும்பக் கிடைத்துவிடும். எல்லாப் பண்ணையிலும் நோய் இருந்திருக்கிறது. மற்ற பண்ணைகளில் எல்லாம் நடக்கும் இந்த அமாவாசைப் பூசை அதை மூடி மறைத்திருக்கிறது. செபஸ்தியான் மாதாகோயிலுக்குப் போகிறவர். அவர் பெட்டிக்கு யார் பொட்டு வைத்தார்கள்?

அங்கிருந்து நேராக நாமகிரிப்பேட்டைக்குப் போனோம். செபஸ்தியானின் மனைவி ரோசி அக்கா எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. மோர் மட்டும் கொண்டுவந்து வைத்தார். தேவிப்ரியா மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தாள். வாங்கிய இடத்தை யார் திருப்பித் தரவில்லை என்று தேடிச் சொல்லும் வசதி லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறதாம். தேடியதில் அதே ஒரு பெயர் வரிசையாக வந்து விழுந்தது. அவளுடைய டிரைவர்.

விசிறிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும்போது சென்சாரின் அளவு குழம்பி வருகிறது. குழம்பிய அளவை டிரைவர் சரியாகத்தான் வேண்டாமென்று ஒதுக்கியது. ஆனால் ஒதுக்கிய கையோடு, இரவல் வாங்கிய இடத்தைத் தராமல் வெளியேறிவிட்டது. அந்த வழியில் திருப்பிக் கொடுக்கும் வரியை எழுத மறந்திருக்கிறாள். ஆபீஸ் மேசையில் விசிறியும் இல்லை, குழப்பமும் இல்லை. அதனால் அங்கே தெரியவே இல்லை. ஊரில் எல்லோரிடமும் டப்பா கேட்டு நிற்கிறவள் இதைக் கோட்டைவிட்டாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

சரவணக்குமாருக்குப் போன் செய்தாள். "விடும்மா, தினமும் ஒருக்கா தானா நின்னு தானா கிளம்பற மாதிரி வெச்சிரு. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் அவர்.

"வாங்குன டிபன் போசியத் திருப்பித் தரச் சொன்னா ஊட்டயே இடிச்சுக் கட்டச் சொல்றீங்களே சார்," என்றாள் இவள். போனை வைத்துவிட்டுச் செபஸ்தியானிடம் திரும்பினாள். "அண்ணா, உங்க ஒயரிங்ல தப்பே இல்லீங்க. தப்பு நான் எழுதுனதுல. உங்க கோழிக செத்தது என்னாலதான்."

செபஸ்தியான் ஷெட்டில் ஓடிய புது ஒயரைத் தொட்டுப் பார்த்தார். "புது ஒயரு இழுத்தப்பவே எனக்குத் தெரியும், ஒயரு இல்லைன்னு," என்றார். "இத்தன நாள்ல ஒருத்தராச்சும் சொன்னீங்களே. சரி, எழுதிக் குடு அம்மிணி. பாக்கலாம்."

ரோசி அக்கா இன்னொரு தம்ளர் மோர் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்தார்.

திருத்திய நிரலை எல்லாப் பண்ணைகளுக்கும் போட்டோம். சரிதானா என்று தெரிய வேண்டுமானால் யாரும் பெட்டியை நிறுத்தக் கூடாது. சென்னிமலையைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "ஓடறப்பவே பொட்டு வெச்சுப் பாருங்க, சாமி கோவிச்சுக்காதுங்க," என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள். அடுத்த அமாவாசைக்கு, பாதி மனசோடு, ஓடும் பெட்டிக்குக் கற்பூரம் காட்டினாராம்.

அதற்கடுத்த அமாவாசையும் போனது. அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரு நடுப்பகல். என் போன் அடித்தது. செபஸ்தியான். எடுக்காமலே போனைத் தேவிப்ரியாவிடம் நீட்டினேன்.

"அண்ணா... நின்னுருச்சுங்களா?"

அந்தப் பக்கம் பெரிய இரைச்சல் மட்டும் கேட்டது. ஷெட் விசிறிகள் அத்தனையும் ஓடும் இரைச்சல். அதற்குள்ளே கோழிகளின் கொக்கரிப்பு. தேவிப்ரியா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நின்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"ஒண்ணுமில்ல அம்மிணி," என்றார் செபஸ்தியான், இரைச்சலுக்கு மேலே கத்தி. "காத்தாடி சத்தம் கேக்கட்டும்னு போட்டேன். வெச்சர்றேன்."