அறுபத்திரண்டு கிலோ

ஒரே விரலால்தான் தட்டுவார். மற்ற ஒன்பதும் வேடிக்கை பார்க்கும். "பத்துல இது ஒண்ணுதான் பள்ளிக்கூடம் போயிருக்கு" என்று தன்னையே கிண்டலடித்துக்கொண்டு, எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தின் பதிவெழுத்தர் அக்கா அடுத்தவரின் விவரத்தைக் கணினியில் ஏற்றுவார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நாலு பேர் காதில் விழுந்தால் வந்தவர் பிழைப்பே கெடும் என்று, வாசல்வரை போய்க் கண்ணாலேயே உள்ளே அழைப்பார்.

காலிக் கட்டம் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. ஒன்று விடுபட்டாலும் திரை சிவக்கும்; மேலிடத்திலிருந்து போன் வரும். நோயாளியின் எடை குறித்த சீட்டு வராத நாட்களில் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். 'சென்ற முறை போலவே' என்ற பொத்தானைத் தட்டினால் பழைய எடையே வந்து உட்கார்ந்துகொள்ளும். தரப் பட்டியலில் அவர் மையம்தான் முதலிடம். பாராட்டுக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் வேறு. "கல்யாண போட்டோவுக்குக்கூட நான் இவ்வளவு செலவு பண்ணல" என்பார்.

அன்று மாத்திரை வாங்க வந்த லாரி ஓட்டுநர் எதிரே உட்கார்ந்தார். திரையில் அறுபத்திரண்டு கிலோ. அவர் பெல்ட்டிலோ ஆணியால் குத்திய புது ஓட்டைகள் மூன்று. பேச்சுக்கு நடுவே இருமினார். எத்தனை நாளாக என்று அக்கா விசாரித்தார். இரண்டு மாதமாம். டாக்டரிடம் சொன்னதற்கு, அவர் திரையைப் பார்த்துவிட்டு, எடை குறையவில்லையே, பயப்பட வேண்டாம் என்றாராம். அக்கா எழுந்தார்.

கையோடு கூட்டிப்போய் எடை இயந்திரத்தில் நிறுத்தினார். நாற்பத்தொன்பது. இயந்திரம் கெட்டிருக்கக் கூடாதா என்ற நப்பாசையில், நாலு பேர் முன்னால் அதன் பக்கமே போகாதவர், தானும் ஏறி நின்றார். எண்பத்து நான்கு. "சரியாத்தான் இருக்கு. என் விஷயத்துல இதுக்குப் பொய் சொல்லவே தெரியாது" என்றார். ஓட்டுநர் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரை அழைத்துக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போனார். டாக்டர் புது எடையைக் கேட்டதும் காசநோய்ச் சோதனைக்குச் சளி எடுக்கச் சொன்னார். பழைய கணக்கெல்லாம் கணினிக் கோளாறாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டார். அக்கா பேசாமல் தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்துபோயிருக்கும்.

அவர் டாக்டரின் மேசையைச் சுற்றி வந்து, திரையை ஓட்டுநர் பக்கமாகத் திருப்பினார். "இது மூணும் நான் போட்டதுண்ணே. உங்கள மெஷின்ல நிறுத்திப் பாக்காமலே போட்டது" என்று, மூன்று மாதத்து அறுபத்திரண்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.