பன்னிரண்டாவது ஆஜர்

"முப்பத்தொரு வருஷம்மா. இந்த ரேடியோ ஸ்டேஷன்ல ஒரு நாற்காலிகூட அவ்வளவு நாள்…"

"தெரியும்ணே, அதைத்தான் நானும் சொல்ல வர்றேன்…"

"ரெண்டு மணின்னா நான். நான்னா ரெண்டு மணி. விடியக்காலை அஞ்சுக்குத் தூக்கிப் போட்டா என் பேரையே மாத்தணும்."

"மாத்திக்குவோம். அஞ்சு மணி அண்ணன். கேக்க நல்லாத்தான் இருக்கு."

"சிரிக்காத. அஞ்சு மணிக்கு அவங்க வர மாட்டாங்க."

"யாரு, அந்தப் பதினோரு பேரா? ஒரு காலத்துல நானூறு பேர் போன் பண்ணின நிகழ்ச்சி. இப்ப மிச்சம் பதினொண்ணு."

"அந்தப் பதினொண்ணும் ஒரு நாள் தவறினதில்ல. ஒருத்தர் பேரை விட்டாக்கூட விட மாட்டாங்க. போன வருஷம் தாடிக்காரர் பேரை மறந்துட்டேன். சாயங்காலம் வாசல் கேட்டுக்கிட்ட வந்து நின்னுட்டார். தலை, தாடி எல்லாம் சுண்ணாம்புத் தூள். வெள்ளையடிக்கிற வேலையப் பாதியில போட்டுட்டு வந்திருக்கார் பாவம். வாட்ச்மேனைக் கேளு."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் வெளிய வர்றதுக்குள்ள போயிட்டார்."

"அதானே பாத்தேன்."

இது நடந்தது. ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில் நடந்தது. சம்பந்தப்பட்டவள் தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மத்தியானம் இரண்டு மணிக்கு ரேடியோவைத் திருகும்போது மட்டும் ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளுங்கள்.

அவளை நிலையத்தில் எல்லோரும் 'டைம்டேபிள்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த நிகழ்ச்சி எந்த நேரத்தில் என்று அட்டவணை போடுகிற வேலை. வந்து ஏழு மாதம்தான். இது அவள் தனியாகப் போட்ட முதல் அட்டவணை. பழைய பாட்டு நிகழ்ச்சியை விடியற்காலைக்குத் தள்ளிவிட்டு, இரண்டு மணிக்கு விளம்பரக்காரர்களின் பரிசுப் போட்டியை வைத்திருந்தாள்.

பழைய பாட்டு நிகழ்ச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் ஒன்றரையிலிருந்து நேயர்கள் போன் செய்து 'ஆஜர்' சொல்ல வேண்டும். சொந்தப் பெயர் கூடாது. தொழிலோ பட்டப்பெயரோதான். டெலிபோன் அக்கா அதை நோட்டில் நேரத்தோடு எழுதுவாள். மூன்றாவது பாட்டு முடிந்ததும், சரியாக 2.17க்கு, நிகழ்ச்சியை நடத்துகிற ரெண்டு மணி அண்ணன் அந்தக் கனமான குரலில் கேட்பார்: "யார் யார் இருக்கீங்க?" கேட்டுவிட்டுப் பட்டியலைப் படிப்பார். பூட்டுக்கடை. தாடிக்காரர். மாடித் தையல். கடிகார டாக்டர். கண்ணாடியம்மா. ரெண்டு பல்லு… அப்படியே போகும்.

"ஒரு தடவை படிச்சிட்டேன்னா அவங்க நம்ம ஆளு. அப்புறம் எங்கயும் போக மாட்டாங்க" என்பார். பெருமையாகத்தான் சொல்வார்.

மேனேஜர் நடுவில் நின்று ஒரு தீர்ப்புச் சொன்னார். "ஒரு வாரம் பார்ப்போம். நேயர்கள் நெஜமாவே கேட்டா, பழையபடி ரெண்டு மணி. ஆள் வெச்சுக் கேக்க வெச்சதா தெரிஞ்சா, நிகழ்ச்சியே கிடையாது. சரியா?"

இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு போன்கூட வரவில்லை. நோட்டு வெள்ளையாகக் கிடந்தது. அண்ணன் பட்டியல் படிக்காமலே எழுந்து போய்விட்டார்.

மத்தியானம் 1.30க்கு போன் அடித்தது.

1.40க்குள் பதினொன்றும் வந்துவிட்டது. புகார் இல்லை, திட்டு இல்லை. "ஆஜர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

டைம்டேபிளுக்கு மூக்கில் வியர்த்தது. நோட்டை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினாள். நேற்று, போன மாதம், போன வருடம் என்று போய்க்கொண்டே இருந்தாள். 1.30 பூட்டுக்கடை. 1.31 தாடிக்காரர். 1.32 மாடித் தையல். எல்லாப் பக்கத்திலும் அதே வரிசை, அதே நிமிடம். நான்கு வருடமாக ஒரு நிமிடம் பிசகவில்லை. அதற்கு முந்தைய பக்கங்களில் பூட்டுக்கடை ஒரு நாள் முதலில், ஒரு நாள் கடைசியில். தாடிக்காரர் சில நாள் இல்லவே இல்லை.

"அக்கா, இதை நீங்களே எழுதி வெச்சுக்கறீங்களா?"

"காப்பியடிச்சேன்னு சொல்றியா? எனக்கு வேற வேலை இல்ல பாரு."

"மனுஷங்க இப்படி போன் பண்ண மாட்டாங்கக்கா."

"பின்ன யாரு பண்றாங்களாம்?"

யாரென்று அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள். ரெண்டு மணி அண்ணன் ஒரு ஆளை வைத்து, கேசட்டை ஓட்டி, பதினோரு குரலில் பேச வைக்கிறார். முப்பத்தொரு வருடப் பாசம் மனிதனை எதையும் செய்ய வைக்கும்.

செவ்வாய்க்கிழமை கணக்குப் பிரிவிலிருந்து நம்பர் காட்டுகிற டெலிபோனைத் தூக்கி வந்து மாட்டினாள். அக்காவை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள்.

1.30.

"பூட்டுக்கடை. ஆஜர்."

வைத்துவிட்டார். குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். சொட்… சொட்… எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

1.31. "தாடிக்காரர். ஆஜர்." அதே நம்பர். அதே சொட்… சொட்.

1.34. கண்ணாடியம்மா. இவள் முந்திக்கொண்டாள். "அம்மா, வெச்சிடாதீங்க. நிகழ்ச்சி இப்ப ரெண்டு மணிக்கு இல்லன்னு தெரியும்தானே?"

சொட்.

சொட்.

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றது குரல். "நேத்து பேர் மட்டும் படிக்கல."

பதினோரு அழைப்பும் ஒரே நம்பர். டைம்டேபிள் வாய்விட்டுச் சிரித்தாள். பழைய பரிசுப் பதிவேட்டில் தேடினாள். ஏழு வருடத்துக்கு முன்னால் 'பூட்டுக்கடை' ஒரு டிரான்சிஸ்டர் பரிசு வாங்கியிருந்தார். நம்பர் அதுதான். முகவரியும் இருந்தது. நிலையத்திலிருந்து நான்கு தெரு.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது வாட்ச்மேன் நிறுத்தினான். "மேடம், ரெண்டு நாளா சாயங்காலத்துல பத்துப் பதினோரு பேர் கேட்டுக்கு வெளிய வந்து நிக்கிறாங்க. வெள்ளையடிக்கிறவங்க போல. தலையெல்லாம் சுண்ணாம்பு. என்ன வேணும்னு கேட்டா பேச மாட்டேங்கறாங்க."

"அண்ணன் செட் பண்ண ஆளுங்களா இருக்கும்" என்றாள்.

புதன்கிழமை 1.15க்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டே அந்தத் தெருவுக்குப் போனாள். கையும் களவுமாகப் பிடித்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவரோ கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போலச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

"முப்பத்தொரு வருஷமா குரல்தான் பழக்கம். ஒரு முகம் தெரியாது. நீ புண்ணியம் கட்டிக்கிட்ட."

"நடிப்பு நல்லாவே வருதுண்ணே."

மூன்று மாடிக் கட்டடம். கீழே பூட்டுக்கடைப் பலகை, ஓரமெல்லாம் துரு. ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் பெரிய பூட்டு.

"பூட்டுக்கடைக்கே பூட்டு" என்றார் அண்ணன்.

மாடி ஜன்னல்கள் மூடியிருந்தன. எதிரே சலவைக்கடைக்காரி தன் கடையைப் பாதி சாத்தியபடி இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

1.30.

ஷட்டருக்குப் பின்னால் டயல் சுற்றுகிற சத்தம். கிர்ர்ர்… டக். கிர்ர்ர்… டக்.

"மாட்டிக்கிட்டாங்க" என்றாள் டைம்டேபிள், மெதுவாக.

"பூட்டுக்கடை. ஆஜர்."

கிர்ர்ர்… டக்.

"தாடிக்காரர். ஆஜர்."

ஆண் குரல், பெண் குரல், பல் இல்லாத குரல் என்று ஒவ்வொன்றாக வந்தது. பதினொன்றும் இந்த ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம். அண்ணன் கண் கலங்கி நின்றார். ஒரு நிமிடம் அவளுக்கே சந்தேகம் வந்தது… இது நடிப்பு இல்லையோ.

1.41. அவள் கைபேசி அடித்தது. டெலிபோன் அக்கா. "பதினொண்ணும் வந்தாச்சு. வழக்கம்போல."

ஷட்டரில் இடுப்பு உயரத்தில் துருப்பிடித்து ஒரு ஓட்டை. குனிந்து கண்ணை வைத்தாள்.

வெயில் கண்ணில் அடித்தது.

உள்ளே கடை இல்லை. சுவர் இல்லை. கூரை இல்லை. செங்கல் குவியல். மேலே வானம். முன்சுவர் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. உடைந்த குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

சொட்… சொட்…

ஆள் இல்லை. டெலிபோன் இல்லை.

"என்னம்மா தெரியுது?"

அவள் விலகி நின்று ஓட்டையைக் காட்டினாள். போகலாம் என்று கால் சொன்னது. போகவில்லை. 1.58 வரை மணியையே பார்த்துக்கொண்டு நின்றது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கைபேசி கையில்தான் இருந்தது.

2.00. குவியலுக்குள்ளிருந்து ரேடியோ பாடியது.

பரிசுப் போட்டி இல்லை. பழைய நிகழ்ச்சியின் முகப்பு இசை. ஒரு பாட்டு. இன்னொன்று. மூன்றாவது.

பிறகு ஒரு குரல். அண்ணன் குரல்.

"யார் யார் இருக்கீங்க?"

அண்ணன் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு.

பெயர் எதுவும் வரவில்லை.

ரேடியோ அமைதி. தகரத்துக்கு அந்தப் பக்கம் பலர் மூச்சு விடுகிற சத்தம். காத்துக்கொண்டு… கிட்டத்தில்…

2.17.

தடார்.

ஒரே ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஷட்டரின் அடியிலிருந்து வெள்ளைத் தூள் மெல்ல வெளியே வந்து அவள் செருப்பில் படிந்தது.

சலவைக்கடைக்காரிதான் இருவரையும் இழுத்து உட்கார வைத்தாள்.

"நாலு வருஷமாச்சு. பின்பக்கம் முழுசா இறங்கிடுச்சு. கட்டடத்துல எல்லாருக்கும் அந்த நிகழ்ச்சின்னா பித்து. ரெண்டு மணிக்கு வேலையப் போட்டுட்டுக் கீழ பூட்டுக்கடையில கூடிடுவாங்க. பேர் படிக்கிற நேரத்துல…"

"எத்தனை பேர்?"

"பதினொண்ணு. எனக்குப் பாட்டுன்னா தலைவலி. அதான் உயிரோட இருக்கேன். தினமும் ரெண்டு மணிக்குள்ள கடையச் சாத்திட்டுப் போயிடுவேன், இன்னைக்கு உங்களைப் பாத்துத்தான் நின்னேன். ஏன்னு கேக்காதீங்க."

திரும்பும் வழியில் அண்ணன் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"கட்டடம் விழுந்த அன்னைக்கு ராத்திரி செய்தி வாசிச்சப்போ பக்கத்து நாற்காலியிலதான் இருந்தேன். செத்த பதினோரு பேரையும் சொந்தப் பேர் சொல்லிப் படிச்சாங்க. எனக்கு ஒரு பேரும் தெரியல. மறுநாள் ஒன்றரைக்கு எல்லாரும் ஆஜர் சொன்னாங்க. நானும் படிச்சேன்." நடையை நிறுத்தினார். "நான் கூப்பிடறதாலதான் போக முடியாம நிக்கிறாங்களா?"

தாடிக்காரர் போன வருடம் கேட்டருகே வந்து நின்றது அவளுக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அவர் செத்து அப்போது மூன்று வருடம்.

நிலையத்தில் டெலிபோன் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். "என்னையப் போய் காப்பியடிக்கறேன்னு சொன்ன. இப்ப நீயே ஆரம்பிச்சுட்டியா?"

நோட்டை நீட்டினாள். பதினோரு வரிக்குக் கீழே பன்னிரண்டாவது வரி.

1.58. டைம்டேபிள். ஆஜர்.

"நான் பண்ணலக்கா."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? அதே நம்பர். பின்னாடி தண்ணிகூட சொட்டுச்சே."

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பதினோரு பேர் நின்றார்கள். இந்தத் தடவை அவள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். ஓரத்தில் ஒரு ஆளுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

அவள் மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"பழையபடி ரெண்டு மணியே போட்டுடலாம் சார். நாளைக்கே."

"போலி நேயர்கள்னியே?"

"இல்ல சார். நெஜமாவே கேக்கறாங்க."

வியாழக்கிழமை அவள் டெலிபோன் பக்கத்தை விட்டு நகரவில்லை. பதினொன்றும் வந்தது. 1.58க்குப் பன்னிரண்டாவது தடவையாகப் போன் அடித்தது. அக்கா எடுத்தாள். ரிசீவரை இவள் காதில் வைத்தாள்.

சொட்.

"டைம்டேபிள். ஆஜர்."

அவள் குரல்தான்.

அக்கா பன்னிரண்டாவது வரியையும் எழுதினாள். எழுதாமல் இருக்கத் தோன்றவில்லையாம். நோட்டு ஸ்டுடியோவுக்குள் போனது.

2.00. முகப்பு இசை.

மூன்று பாட்டு.

2.17. டைம்டேபிள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அண்ணன் மைக்கருகே குனிந்தார். "யார் யார் இருக்கீங்க?"

பூட்டுக்கடை. தாடிக்காரர். மாடித் தையல்… நான்கு நாளைக்குப் பிறகு ஒவ்வொரு பெயராக, நிதானமாக.

பதினொன்று முடிந்தது.

விரல் அடுத்த வரிக்கு வந்தது. நின்றது.

மைக்கை மூடினார். வானொலியில் மௌனம் ஓடியது. ஒரு நொடி… இரண்டு…

அவளுடைய செருப்பின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. படித்தால் அவளும் 'நம்ம ஆளு'; விட்டால் அவர்கள் விட மாட்டார்கள்.

அண்ணன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். வெளியே இருப்பவர்களோடு பேசுகிற பொத்தானை அழுத்தினார்.

"உன் பேரைப் படிக்கட்டுமாம்மா… விட்டுடட்டுமா?"