அம்மாவிலிருந்து அடுப்புக்கு ஒரு கோடு

சுருளிப்பட்டி நதியாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அவள் மகள் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பயிற்சிப் புத்தகத்தை மட்டும் திறந்துவிடக் கூடாது. அந்தப் புத்தகத்தின்படி நதியா என்றொருத்தி பிறக்கவே இல்லை.

அவள் எனக்கு எதிர்வீடு. விடியுமுன்னே மற்ற பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பமெட்டு வழியாக மலைக்குப் போய், கேரளத்து ஏலக்காட்டில் குனிந்த முதுகு நிமிராமல் காய் எடுத்துவிட்டு, பொழுது சாயத் திரும்புவாள். புருஷன் வேல்பாண்டி தென்னையிலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்தவன். சோறாக்குவது, துவைப்பது, மகள் ஓவியாவுக்கு இரட்டைச் சடை போடுவது எல்லாம் அவன் பொறுப்பு. கால் தேறிய பிறகும் அடுப்பை அவன் விடவில்லை. நதியா வைத்த குழம்பை ஒரு தடவை சாப்பிட்டவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள்.

இந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் ‘இனிய குடும்பம்’ என்று ஒரு பாடம் வந்தது. படத்தில் அப்பா பேப்பர் படிக்கிறார். அம்மா பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தோசை சுடுகிறார். எந்த ஊரில் இப்படிச் சுடுகிறார்களோ, எனக்குத் தெரிந்து தேனி மாவட்டத்தில் இல்லை. கீழே ஒரு பக்கம் ‘அப்பா’, ‘அம்மா’. எதிரே ஓர் அடுப்பு, ஒரு வேலைப் பை. கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். ஓவியா அப்பாவை அடுப்போடும் அம்மாவைப் பையோடும் சேர்த்தாள். கண்ணால் கண்டதைச் சொன்ன குற்றத்துக்கு இரண்டு சிவப்புப் பெருக்கல் குறி கிடைத்தது.

நதியா ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். உமாதேவி டீச்சர் தங்கமானவர், நிதானமாகவே பேசினார்.

“கோவிச்சுக்காதீங்க. புத்தகத்துல எப்படி இருக்கோ அப்படித்தான் நாங்க திருத்த முடியும்.”

“அப்ப எம்மக பொய்யா சொல்லிருக்கா?”

“பொய் இல்லங்க. தப்பான விடை.”

என்ன ஒரு நுணுக்கம், படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

“நீங்களும் இங்கன வேலைக்குத்தான வந்திருக்கீக? இதே வகுப்புல இருக்க ஒங்க மகன் அம்மாவுக்கு எதுல கோடு போட்டான் டீச்சர்?”

டீச்சர் ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

“அடுப்புலதான். மார்க் வேணும்ல.”

வீட்டுக்கு வந்ததும் நதியா மகளை மடியில் இழுத்து உட்கார வைத்தாள். தன் வீட்டை நினைத்துப் பிள்ளை கூசிப்போய்விடக் கூடாது, அவளுக்கு அது ஒன்றுதான் பயம்.

“மார்க்கு போனாப் போகுது. நீ நெசத்தையே எழுது ஆத்தா.”

ஓவியா நன்றாகத் தலையாட்டினாள்.

அரையாண்டுத் தேர்வில் ‘உன் அம்மாவைப் பற்றி இரண்டு வரி எழுதுக’ என்று கேட்டிருந்தார்கள். முழு மதிப்பெண், பக்கத்தில் ஒரு நட்சத்திரம். தாளில் ‘தந்தை கையொப்பம்’ என்றுதான் அச்சடித்திருந்தது. வேல்பாண்டி மிளகாய்ப்பொடிக் கையைத் துடைத்துக்கொண்டு, பெருமையாகக் கையெழுத்துப் போட்டு நதியாவிடம் நீட்டினான். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். ‘என் அம்மா எப்போதும் வீட்டில் இருப்பார். எங்களுக்குச் சுவையாகச் சமைப்பார்.’

அவள் தாளை மகள் முன்னால் நீட்டினாள்.

“இது யாருடி?”

“நீ இல்லம்மா,” என்றாள் ஓவியா. “ஒன்னைய எழுதுனா மார்க்கு போட மாட்டாக. அதான் வேற அம்மாவ எழுதுனேன்.”