மெலிந்த கைப்பிடி

என் தம்பி செய்து அனுப்பிய வில்லின் கைப்பிடிக்குத் தோல் போடப் போனபோது, அவனோடு நான் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைத்திருக்க வேண்டும். ஐயம்பேட்டையிலிருந்து வர அவனுக்கு நேரமாகிவிட்டது. நல்ல நேரம் போகிறதே என்று என் கொழுந்தனார் மடியில் உட்கார வைத்துவிட்டோம். வந்தான், பார்த்தான், சீர்த் தட்டைக் கீழே வைத்தான், போய்விட்டான். லேட்டாக வந்தது அவன், நான் ஏன் போன் செய்ய வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன். எங்கள் வீட்டில் வீம்புக்குக் குறைச்சல் கிடையாது.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்கப் போய் எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. இரவல் வில்லில் அம்பு விட்டுக்கொண்டிருந்தேன். அது அம்மா மூலமாகத் தம்பி காதுக்குப் போயிருக்கிறது. அவன் தறி ரிப்பேர் பார்ப்பவன். மரம் அவன் சொன்னபடி கேட்கும். மூங்கில் பட்டைகளை ஒட்டி, நடுவில் மரக் கைப்பிடி வைத்து ஒரு வில் செய்து, பழைய வேட்டியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தனுப்பினான். “தோல மட்டும் அவளே போட்டுக்கட்டும்” என்றானாம். வேறு ஒரு வார்த்தை இல்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் தோல் பை தைக்கிற பாய் ஒருவரிடம் எடுத்துப் போனேன். வில்லை என் இடது கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். விரல்கள் கைப்பிடியைச் சுற்றி வந்து உள்ளங்கையிலேயே குத்தின.

“யாரும்மா செஞ்சது? வேலை சுத்தமா இருக்குது. ஆனா உன் கைக்கு ஆவாது. இவ்ளோ மெலிசா இருந்தா வில்லு கையில திரும்பிக்கினே இருக்கும்” என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். கூடப் பிறந்தவள் கை எவ்வளவு பெரிது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லவே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“உன் வளையல் அளவு இன்னான்னு கேட்டான்மா. ரெண்டு நாலுன்னு நான்தான் சொன்னேன்” என்றாள் அம்மா.

அது என் கல்யாணத்தின்போது இருந்த அளவு. இப்போது ரெண்டு எட்டே சோப்பு போட்டால்தான் ஏறும். சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. அவன் கேட்டிருக்கிறான்.

பாய் உள்ளங்கை படும் பக்கத்தில் மெல்லிய தோலை இரண்டு அடுக்காக ஒட்டி, என் கைக்குச் சரியாக வரும்வரை சீவினார். பிறகு பழுப்புத் தோல் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, மேலே இறுக்கிச் சுற்றி, மெழுகு நூலால் தைத்து முடித்தார்.

“ஈரம் இழுக்குற வரைக்கும், அம்பு விடறப்ப புடிக்கிற மாதிரியே புடிச்சிக்கினு உக்காரும்மா. அப்பதான் உன் கை அச்சு வுழும். எறக்கி வெச்சிடாத.”

கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன். இடது கை வில்லில். வலது கைக்கு வேலை இல்லை, அதில் போன் இருந்தது. தம்பியின் நம்பரை எடுப்பதும் விடுவதுமாக இருந்தேன். மெலிசு என்று சொன்னால் குறை சொல்கிறேன் என்று நினைப்பான். இந்த முறை போனால் ஒரேயடியாகப் போய்விடுவான். பயமாக இருந்தது. ஆனாலும் அழுத்திவிட்டேன்.

“இன்னாக்கா” என்றான்.

இரண்டு வருடம் கழித்து அவ்வளவுதான். யோசித்து வைத்திருந்த நல்ல வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

“கைப்பிடி மெலிசா இருக்குதுடா” என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“தெரியும்க்கா. அம்மா சொன்ன அளவ நான் நம்பல. அதான் வேணும்னே மெலிசா வெச்சேன். மெலிசா இருந்தா தோல் வெச்சி ஏத்திக்கலாம். பெருசா இருந்தா, செதுக்குறதுக்கு எங்கிட்டதான் குடுத்து அனுப்பணும். நீ அனுப்ப மாட்டியே.”

அவன் குரலில் கோபமே இல்லை.

“ஏன், அனுப்பியிருப்பேன்” என்றேன்.

சொன்ன எனக்கே வெட்கமாகிவிட்டது.

“அனுப்பியிருக்க மாட்டேன்டா” என்றேன்.